ஆடு திருடிய வம்சம்

“சுரங்கம் எவ்வளவு ஆழம்னு நோலா பெரியம்மா கேட்டா என்ன சொல்லுவே?” என்று அம்மா முன் இருக்கையில் இருந்தபடியே கேட்டாள்.

பின்னால் என் தம்பி டேரல் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். “நல்ல ஆழம்னு சொல்லுவேன்.”

“இரும்புச் சுரங்கம்டா அது. குழிக்குள்ள எறங்கறதெல்லாம் கிடையாது. மலையையே வெட்டி லாரில ஏத்துவாங்க. எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

அம்மா எங்கள் டாஸ்மேனியாத் தீவை விட்டு வெளியே போனதே அபூர்வம். மேற்கு ஆஸ்திரேலியாப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனால் அங்கே இருக்கும் இரும்புச் சுரங்கத்தைப் பற்றி அவளைக் கேட்டால் மண்ணின் நிறம் முதற்கொண்டு சொல்லுவாள். டேரல் ஜெயிலில் இருந்த ஒன்றரை வருஷமும் அவன் அங்கே லாரி ஓட்டுவதாகத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். பொய்யைக் காப்பாற்றுவதற்காக நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள் அவள். அந்த உழைப்பில் பாதியைப் போட்டு ஒரு தடவை ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்திருக்கலாம். போகவில்லை. நான்தான் மாதாமாதம் போய் வந்தேன்.

டேரலை எதற்கு உள்ளே தள்ளினார்கள் என்றால், ஆடு திருடினதற்கு. பக்கத்துப் பண்ணை ஹாலரனின் வேலியை வெட்டி, முப்பத்தெட்டு செம்மறிகளை லாரியில் அடைத்துக் கொண்டுபோய் விற்றுவிட்டான். நெரிசலில் மூன்று செத்துப்போயின. மூன்றும் சினையாடுகள். தம்பி என்பதற்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஹாலரன் எங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்? எங்கள் அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த மனிதர். அவரைக் கண்டால் அம்மா இப்போதும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

இனிமேல்தான் கூத்தே. நாங்கள் போய்க்கொண்டிருந்தது தோர்ப் குடும்பச் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு. ஆபெல் தோர்ப் எங்கள் அம்மா வழி மூதாதை. இங்கிலாந்தில் ஒரு ஆட்டைத் திருடி, ஏழு வருஷத் தண்டனை வாங்கி, கைதியாகக் கப்பலில் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர். எங்கள் தாத்தா இருந்தவரைக்கும் அந்தப் பெயரை வீட்டில் எடுத்தால் வாயிலேயே அடி விழும். குடும்ப பைபிளில் அந்தப் பக்கத்தை யாரோ கத்தரித்தே எடுத்துவிட்டார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. கைதி வம்சம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லாதவர்கள்தான் இந்தத் தீவில் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. எங்கள் சங்கம் பனியன் அடித்திருக்கிறது. முன்பக்கம் ஆட்டின் படம், பின்பக்கம் ஆபெலின் பெயரும் தண்டனையும். அம்மா சங்கத்தின் செயலாளர்.

ஆக, ஒரு ஆட்டைத் திருடினவருக்குப் பனியன். முப்பத்தெட்டைத் திருடினவனுக்குச் சுரங்கம்.

டேரல் வெளியே வந்ததிலிருந்து என் வீட்டுக் கொல்லையில் நிற்கும் பழைய கேரவன் வண்டியில்தான் இருந்தான். அது அவனுக்கு ஆகவில்லை. கையை நீட்டினால் இரண்டு பக்கமும் சுவர் இடிக்கும் இடம். படுத்தால் எழுந்துவிடுவான், எழுந்தால் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பான். அம்மா வீட்டில் அவனுடைய பழைய அறை இருக்கிறது. பெரிய ஜன்னல், அதற்கு அப்பால் மேய்ச்சல் காடு, குன்று. “அங்க போனா தூக்கம் வரும்னு தோணுது அக்கா” என்று என்னிடம் சொன்னான். அம்மாவிடம் போய்க் கேட்டேன். “ஒன்றுகூடலுக்கு வரட்டும். சுரங்கத்தைத் தவிர வேற எதுக்கும் வாயத் திறக்கக் கூடாது. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னா பாக்கலாம்” என்றாள். வேறு எதையுமே கேட்காதவன், அந்த ஒரு அறைக்காகச் சரி என்றான். நான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன், எரிச்சலை அடக்கிக்கொண்டு.

ஒன்றுகூடல் நடந்த பழைய கைதிக் கொட்டடி ஆற்றங்கரையில் இருக்கிறது, இப்போது அது அருங்காட்சியகம். மூன்று மாடிச் செங்கல் கட்டடம், அந்தச் செங்கலையும் கைதிகளே சுட்டார்கள். முற்றத்தில் எங்கள் சனம் பனியனும் தொப்பியுமாக நிறைந்து கிடந்தது. ஆபெலுக்கு ஏழு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் கிளைக்கும் ஒரு நிறம். எங்கள் கிளை சிவப்பு. அம்மா வந்ததும் வராததுமாக டேரலின் சட்டையில் ஒரு சிவப்பு வட்டத்தைக் குத்திவிட்டு, அவன் காலரைச் சரிசெய்தாள்.

நோலா பெரியம்மா ஊதாக் கிளை, சங்கத்தின் தலைவி. அம்மாவுக்குத் தூரத்து உறவில் அக்கா. அவள் மகன் கடல் தாண்டி பிரிஸ்பேனில் பல் டாக்டர். அந்தச் செய்தியை அவள் வாயால் கேட்காத ஒரு தோர்ப் கூட உயிரோடு இல்லை.

“அடேயப்பா, யாரு இது? சுரங்கத்துக்காரரு வந்தாச்சா?” என்று டேரலின் கன்னத்தில் தட்டினாள். “வெயில்ல கறுத்திருப்பேன்னு பார்த்தா, வெளுத்துப்போயி வந்திருக்கே.”

“அங்க எல்லாம் ராத்திரி ஷிப்ட்டு” என்று அம்மா குறுக்கே விழுந்தாள்.

“அப்படியா? லாரி எத்தனை டன்னுப்பா?”

டேரல் அம்மாவைப் பார்த்தான். அம்மா இருமினாள். “பெரிய லாரி பெரியம்மா” என்றான் அவன். “சக்கரமே என் உசரம் இருக்கும்.” அவன் எங்கே பார்த்திருக்கிறான் அந்தச் சக்கரத்தை? ஜெயில் தொலைக்காட்சியில் பார்த்திருப்பான்.

மதியத்துக்கு முட்டைக் கறி வைத்த ரொட்டி, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை, தேங்காய்ப்பூ ஒட்டின சாக்லேட் கேக். நீளமான மேஜைகள். எல்லாரும் தட்டை வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட கதை பேசிக்கொண்டிருந்தார்கள். டேரல் சுவரோரமாக முதுகை ஒட்டி உட்கார்ந்து, இடது கையைத் தட்டைச் சுற்றி அணை போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தான். பக்கத்தில் இருந்தவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கூட முடிக்கவில்லை.

“கைய எடுடா” என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “உன் தட்டை இங்க யாரும் புடுங்க மாட்டாங்க.”

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் முழங்கால் ஆட ஆரம்பித்தது. மேஜை ஆடியது, தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன. யாரோ கழிப்பறைப் பக்கத்துக் கதவைச் சாத்தினார்கள். அவன் எழுந்து போய் அதைத் திறந்து, கீழே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தான். மறுபடி யாரோ சாத்தினார்கள். மறுபடி போனான். இன்னும் இரண்டு மணி நேரம்தான், தாக்குப்பிடித்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மா என்னை ஓரமாக இழுத்தாள். முகமெல்லாம் பூரிப்பு. கையில் கயிறு கட்டின ஒரு தகர வில்லை.

மேல்மாடியில் கொட்டடியின் பழைய ஆஜர் எடுப்பை நடித்துக் காட்டுவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு கைதியின் பெயர் எழுதின வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் குற்றம் என்ன, தண்டனை என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் ஒன்றுகூடலில் ஆபெல் தோர்ப்பின் வில்லையை யார் மாட்டிக்கொள்வது என்பதற்கு ஒவ்வொரு தடவையும் சண்டை நடக்கும்.

“இந்தத் தடவை நமக்கு” என்றாள் அம்மா. “நோலாகிட்ட மல்லுக்கட்டி வாங்கியிருக்கேன். டேரல் கழுத்துல போடப் போறேன். எல்லாரும் பாக்கட்டும்.”

“அம்மா, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்கா?”

“ஏன்?”

“ஆபெல் எதுக்கு உள்ள போனாரு?”

“ஆடு…” என்றாள். நான் அவளையே பார்த்தேன். ஒரு நொடி அவள் கண் தடுமாறியது. அப்புறம் வில்லையின் கயிற்றை உதறிச் சிக்கெடுத்தாள். “அது வேற, இது வேற. அது சரித்திரம்.”

“ரெண்டும் ஆடுதாம்மா.”

“ரோவினா, வாயக் கழுவு. இன்னைக்கு ஒரு நாள் உன் குத்தல் பேச்சை மூட்டை கட்டி வை.”

சத்தியமாக அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியாதது. இருநூறு வருஷத்துக்கு முந்தின ஆடும் ஹாலரன் வீட்டு ஆடும் அவள் மனசில் ஒரே மைதானத்தில் மேய்ந்ததே கிடையாது. மகனுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு போய், அவன் கழுத்தில் அதை மாட்டினாள். டேரல் வில்லையைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

மேல்மாடி நீளமான ஒரே கூடம். மரச் சட்டங்களுக்கு நடுவே கித்தான் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். கைதிகள் அதில்தான் தோளோடு தோள் இடிக்கப் படுத்திருந்தார்கள். எங்கள் சனம் அதில் ஏறிப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டு, கயிறு கிறீச்சிடும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி பிரையனி என்ற இளம்பெண், சிவப்புக் கோட்டு போட்ட பழைய காலத்துக் காவலாளி வேஷத்தில் வந்தாள். நல்ல கலகலப்பான பெண். அவள் மீது ஒரு தப்பும் கிடையாது. கதவைச் சாத்தினாள். எங்கோ மறைத்து வைத்த ஒலிபெருக்கியில் இரும்புக் கதவு மோதும் சத்தமும், தொடர்ந்து ஒரு மணியும் கேட்டன.

“எழுந்து நில்லுங்க எல்லாரும்” என்று அதட்டினாள்.

சனம் சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வரிசை மாதிரி எதையோ போட்டது. நான் டேரலைத் தேடினேன். அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். ஒரு தொட்டிலின் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, குதிகால் இரண்டும் சேர்ந்து, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்து, பார்வை எதிர்ச் சுவரில் குத்தி. காலையிலிருந்து நில்லாமல் ஆடிக்கொண்டிருந்த அந்த உடம்பு சுத்தமாக அசைவில்லாமல் இருந்தது.

“பாரு, என்னமா நடிக்கிறான்” என்று யாரோ சொன்னார்கள். அம்மாவின் முகத்தில் பெருமை.

பிரையனி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒருவர் வாத்து திருடியிருந்தார், ஒரு அம்மாள் பட்டுத்துணி திருடியிருந்தாள். ஆஜர் எடுத்தவுடன், எங்கள் சனத்திலேயே பழைய காலத்துத் தொப்பி மாட்டி எஜமானர்களாக நடித்தவர்களைப் பார்த்து, “இவங்களை யாரு வேலைக்குக் கூட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்பாள். அந்தக் காலத்தில் பண்ணைக்காரர்கள் இங்கே வந்துதான் கைதிகளைப் பொறுக்கிக் கூட்டிப்போனார்கள். “பல்லைக் காட்டு பாப்போம்”, “இவ ரொம்பத் தின்பா போலிருக்கே, வேண்டாம்” என்று கேலியும் சிரிப்பும் பறந்தன.

“ஆபெல் தோர்ப்.”

கூடமே கைதட்டியது.

“இருக்கேன், மிஸ்” என்றான் டேரல். தட்டையான குரல். பார்வை சுவரை விட்டு நகரவில்லை.

“குற்றம்?”

“ஆடு திருட்டு, மிஸ்.”

“எத்தனை?”

“முப்பத்தெட்டு.”

குபீரென்று சிரிப்பு. “ஒண்ணுதான்டா” என்று ஒரு கிழவர் கத்தினார். “ஆபெல் அவ்வளவு பேராசைக்காரர் இல்ல.” அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை என் முழங்கையைப் பற்றியது.

பிரையனிக்கு உற்சாகம். “முப்பத்தெட்டா? யாரு வீட்டு ஆடு?”

“ஹாலரன் வீட்டுது, மிஸ். மூணு செத்துப்போச்சு. சினையாடு.”

சிரிப்பு ஒரு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் தொட்டில் கயிறுகளின் கிறீச்சொலி மட்டும் மிஞ்சியது. வேண்டுமென்றே சொன்னாயா, உன்னை மறந்து சொன்னாயா என்று பிற்பாடு அவனைக் கேட்டேன். “கேட்டாங்க, சொன்னேன்” என்று தோளைக் குலுக்கினான்.

அவ்வளவுதான், போச்சு, அந்த அறை போச்சு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அம்மா என் முழங்கையை விடவே இல்லை. அவள் நகம் தோலில் பதிந்தது. பாவம் பிரையனி, என்ன நடக்கிறதென்று புரியாமல், வழக்கமாகச் சொல்லுகிற வசனத்தையே தொடர்ந்தாள்.

“ஆபெல் தோர்ப். நடத்தை நல்லது. இவனை யாரு கூட்டிட்டுப் போறீங்க?”

தொப்பி போட்டவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். டேரல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் தாங்க முடியவில்லை. நான் கூட்டிட்டுப் போறேன் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்தது. நோலா பெரியம்மாவின் கை.

“எங்கூட வரட்டும்” என்றாள். வழக்கமான பெருமைப் பேச்சு இல்லை, சாதாரணக் குரல். “தோட்டத்துல எவ்வளவோ வேலை கெடக்கு.”

“நோலா…” என்றாள் அம்மா.

“தெரியும் ஐலீன். பேப்பர்லயே வந்துச்சே. இத்தனூண்டு தீவுல எதை மறைக்க முடியும்?”

“எல்லாருக்குமா?”

“பிரிஸ்பேன்ல இருக்கற என் பையனுக்கே தெரியும்.”

அம்மா கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தாள். ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். “அப்பறம் ஏன்டி லாரி எத்தனை டன்னு, சுரங்கம் எவ்வளவு ஆழம்னு துளைச்சுத் துளைச்சுக் கேட்டீங்க?”

“நீ அவ்வளவு ஆசையாச் சொன்னே” என்றாள் நோலா பெரியம்மா. “கேட்டுக்கிட்டோம்.”

அம்மா என் முழங்கையை விட்டாள். அந்தப் பழைய பலகைத் தரையில் அவள் நடந்து போனது இப்போதும் என் காதில் இருக்கிறது. பாதி வழியில் நின்று, திரும்பிப் பார்க்காமலேயே, “கையக் கீழ போடு, நோலா” என்றாள். “அவன் என் பையன்.”

டேரலின் எதிரே போய் நின்றாள். “வாடா, போலாம்.”

அவன் அசையவில்லை. பார்வை அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்தது. அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. “டேரல், உன்னத்தான். வா.”

“மிஸ் சொல்லணும்மா” என்றான் மெதுவாக. உதடு மட்டும்தான் அசைந்தது.

அப்போதுதான் அம்மாவுக்குப் புரிந்தது. ஒன்றரை வருஷமாக அவள் பார்க்கப் போகாத இடம் அவள் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பிரையனி, “கலையலாம், சார், கலையலாம்” என்று தடுமாறினாள். அவள் கண்ணில் தண்ணீர். அம்மா அவளைக் கையமர்த்தினாள்.

“நீ சும்மா இரும்மா. நான் சொல்றேன் அவனுக்கு.”

அவன் முதுகுப் பக்கம் போனாள். கோத்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சின்னப் பிள்ளையின் பிடியிலிருந்து எதையோ எடுப்பதுபோல அவசரமில்லாமல் பிரித்தாள். கடைசி விரல் பிரிந்ததும் அவன் தோள் இறங்கியது. ஒரு கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, நாற்பத்தொரு வயசு ஆளை, கூட்டத்துக்கு நடுவே நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தாள். சனம் வழிவிட்டது. அழுதுகொண்டுதான் வந்தாள், மறைக்கவில்லை. நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

காரில் அம்மா பின் இருக்கையில் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். அப்புறம் அவள்தான் ஆரம்பித்தாள்.

“உன் ரூம்ல என் தையல் மெஷின் கெடக்கு. அதை வெளிய எடுத்துப் போடணும்.”

“இருக்கட்டும்மா.”

“எங்க இருக்கட்டும்? அதும் மேலயா படுப்பே? எடுத்துடலாம்.” கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்கு ஹாலரன் வீட்டுக்குப் போறோம். நீ பேசணும். அந்த மூணு ஆட்டையும் சொல்லிப் பேசணும். நானும் கூட வர்றேன்” என்றாள்.

“அடிச்சு வெரட்டுவாரும்மா.”

“வெரட்டட்டும். ரெண்டு பேரையும் சேர்த்து வெரட்டட்டும்.”

டேரல் ஜன்னல் கண்ணாடியைத் தொடவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே, “ஒண்ணு மட்டும்மா” என்றான். “ராத்திரி என் ரூம் கதவைச் சாத்தாதே.”

அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் தொங்கிய கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். “ரோவினா, உன் வண்டில திருப்புளி இருக்கா?”

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் கீல்களைக் கழற்றியது நான்தான். துருப்பிடித்த திருகாணிகள், உயிரை வாங்கிவிட்டன. அம்மா கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று என்னை அவசரப்படுத்திக்கொண்டே நின்றாள்.